நீலச் சட்டைக்கு முன்னால் உட்கார்ந்த தட்டான்கள்

என் போனில் நாலாயிரம் தட்டான் படங்களுக்கு மேல் இருக்கின்றன. என் அண்ணன் முகம் ஒன்றுகூட இல்லை. அவன் செத்த அன்று மத்தியானம்தான் எனக்கு இது தெரிந்தது.

மஞ்சள் காமாலை. ஞாயிற்றுக்கிழமை நன்றாக இருந்தவன் செவ்வாய்க்கிழமை காய்ச்சல் என்று படுத்தான். வெள்ளிக்கிழமை கண் மஞ்சளாகி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அந்த ஞாயிறு தாண்டி அடுத்த ஞாயிறு காலையில் எல்லாம் முடிந்துவிட்டது. அவனுக்கு இருபத்தொன்பது வயது. எனக்கு அவனைவிட ஏழு வயது குறைவு.

எங்கள் தெருவில் யார் செத்தாலும் மதியத்துக்குள் பேனர் வந்துவிடும். அண்ணனுடைய தோஸ்து ஒருத்தன் ஆஸ்பத்திரி வாசலிலேயே என் தோளைப் பிடித்து, "ஃபோட்டோ ஒண்ணு அனுப்புடா, அடிக்கக் குடுக்கணும்" என்றான். நான் போனை எடுத்துத் தள்ளிக்கொண்டே போனேன். சிவப்புத் தட்டான். பச்சைத் தட்டான். கோரைப் புல் நுனியில் ஊசித்தட்டான். அவன் எட்டிப் பார்த்தான்.

"டேய், மூஞ்சிடா. அண்ணன் மூஞ்சி."

"இருண்ணா, பாக்கறேன்."

"இன்னாடா வெறும் பூச்சியா கீது?"

கடைசியில் அண்ணனுடைய லைசென்ஸில் இருந்த படத்தைத்தான் பேனரில் போட்டார்கள். அது அவன் முதன்முதலில் லைசென்ஸ் எடுத்த வயதில் பிடித்தது. ஒல்லிக் கழுத்து, தண்ணீர் தொட்டு வாரின தலை, அரும்பு மீசை. கம்பத்தில் கட்டியதும் அம்மா வெளியே வந்து பார்த்தாள்.

"இது யாரு வூட்டுப் புள்ள?" என்று கேட்டாள்.

துக்கத்தில் புத்தி கலங்கிவிட்டது என்று பக்கத்தில் இருந்தவர்கள் அவளைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார்கள். புத்தியெல்லாம் கலங்கவில்லை. அம்மா சொன்னது சரிதான். அண்ணன் அப்படி இருந்து பத்து வருஷம் ஆகிவிட்டது. டிரெய்லர் ஓட்ட ஆரம்பித்த பிறகு உடம்பு போட்டு, தாடி விட்டு, வெயிலில் கறுத்து வேற ஆளாகிவிட்டான்.

மூன்றாம் நாள் அம்மா என்னைக் கூப்பிட்டாள். அழுது அழுது குரல் கம்மிப் போயிருந்தது.

"பதினாறாம் நாளு படம் மாட்டணும். எம்புள்ள எப்டி இருந்தானோ அப்டி ஓணும். அந்த லைசென்ஸ் படத்த மாட்டுனா நான் அந்தச் செவுத்துப் பக்கமே திரும்ப மாட்டேன். நீதான் ஞாயித்துக்கெளம ஆனா போனும் கையுமா அவங்கூடவே கெடந்தியே. நீ குடு."

"சரிம்மா" என்றேன். கையில் எதுவும் இல்லாமல்தான் சொன்னேன்.

நான் ஒன்பதாவதோடு நின்றவன். திருவொற்றியூரில் ஒரு லேத் பட்டறையில் வேலை. அண்ணன் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு கன்டெய்னர் ஏற்றிப் போகிற டிரெய்லர் ஓட்டினான். அங்கே வண்டி வரிசையில் நின்றால் நின்றதுதான். காலையில் சேர்ந்தால் சாயங்காலம்தான் கேட்டுக்குள் போக முடியும், சில நாள் மறுநாள்கூட ஆகும். ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு என்பதால் அம்மா செய்த மீன்குழம்பும் சோறும் எடுத்துக்கொண்டு அண்ணனுடைய பழைய பைக்கில் எண்ணூர் தாண்டிப் போவேன். அவன் கேபினில் உட்கார்ந்து சாப்பிடுவான். எனக்குப் பொழுது போகாது. ரோட்டோரப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கி, அதில் கோரை முளைத்திருக்கும். அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்து கோரையே வெளிறிக் கிடக்கும். தண்ணீர் மேல் எண்ணெய் மிதக்கும். அந்தக் கலீஜில்தான் அத்தனை தட்டான்.

முதலில் சும்மா எடுத்தேன். அப்புறம் விட முடியவில்லை. கிட்டே போய் எடுப்பது சுலபம் கிடையாது. நம் நிழல் அதன் மேல் விழக்கூடாது. நிமிர்ந்து நடந்தால் பறந்துவிடும். குந்தி உட்கார்ந்து வாத்து மாதிரி நகர வேண்டும். அது பறந்து போனாலும் நாம் அசையாமல் இருந்தால் திரும்ப அதே குச்சிக்கு வந்து உட்காரும். எத்தனை தடவை விரட்டினாலும் அதே குச்சிதான். உச்சி வெயிலில் சிலது வாலை நேராக வானத்தைப் பார்த்துத் தூக்கி நிற்கும். உடம்பில் வெயில் குறைவாகப் படுவதற்காம், யாரோ போட்ட வீடியோவில் பார்த்தேன். கண்ணைத்தான் குறி வைக்க வேண்டும். கண் தெளிவாக விழுந்தால் படம் விழுந்தது என்று அர்த்தம்.

ஆனால் எது எடுத்தாலும் பின்னால் அசிங்கமாக ஏதாவது வந்துவிடும். டயர், பைப், புகைக்கூண்டு, மஞ்சள் கன்டெய்னரில் பாதி எழுத்து. தட்டான் அந்தக் குப்பையில் காணாமல் போய்விடும். ஒரு நாள் அண்ணன் கை கழுவ வந்து பள்ளத்துக்கு அந்தப் பக்கம் குந்தினான். வண்டி ஓனர் கொடுத்த நீலச் சட்டை போட்டிருந்தான். தட்டானுக்குப் பின்னால் எல்லாம் ஒரே நீலமாகக் கலங்கி, வானம் மாதிரி வந்தது. நான் கத்தினேன், "அசையாதண்ணா! அப்டியே இரு!"

அதிலிருந்து அதுவே எங்கள் வேலை ஆகிவிட்டது. நான் இந்தப் பக்கம், நடுவில் தட்டான், அந்தப் பக்கம் அண்ணன். சாப்பிட்டு முடித்ததும் அவனே வந்துவிடுவான். "எங்க நிக்கணும் சொல்லு" என்பான். ஏழெட்டு அடி தள்ளிக் குந்துவான். நெஞ்சுச் சட்டைதான் எனக்கு வேண்டும். "கொஞ்சம் லெஃப்ட்டு. இன்னும் கீழ. தலைய சாய்ச்சிக்கோ, மூஞ்சி வருது."

மற்ற டிரைவர்கள் கேபினில் இருந்து கத்துவார்கள். "இன்னா மாமே, பூச்சிக்குக் கல்யாண ஆல்பம் போட்றானா உன் தம்பி?"

"ஆமா, பொண்ணு பூச்சி ரெடி. மாப்பிள்ளைக்கு உன்னியத்தான் கேக்குறாங்க" என்பான் அண்ணன், அசையாமல்.

முன்வண்டி நகர்ந்தால் பின்னால் இருக்கிறவன் ஆரனை அமுக்கிவிடுவான். அண்ணன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவான். இரண்டு வண்டி நீளம் நகர்த்தி நிறுத்திவிட்டுத் திரும்ப நடந்து வருவான். வந்து, "அதே பூச்சியா, வேறயா?" என்று கேட்பான்.

என் போனில் இடம் கம்மி. ஒரு தட்டானுக்கு முப்பது நாற்பது அடித்தால்தான் ஒன்று தேறும். ஒரு தடவை நல்ல ரத்தச் சிவப்பில் ஒன்று உட்கார்ந்திருக்கும்போது போன் இடம் இல்லை என்று சொல்லிவிட்டது. எங்கள் மாமன் குழந்தைக்குக் காதுகுத்து நடந்த படங்கள் ஒரு கட்டாக இருந்தன. எல்லாம் அண்ணன் வேட்டி கட்டி நின்றது. அவனிடமே கேட்டேன்.

"அத்த அழி. நான் இன்னா ஓடியா பூடப் போறேன்" என்றான்.

அழித்தேன். ஒரே அமுக்கு.

அதுகூடப் பரவாயில்லை. இன்னொன்று இருக்கிறது. போன் கேமரா சில சமயம் ஏமாந்துவிடும். தட்டான் ரொம்பச் சின்னதாக இருந்தால் அதை விட்டுவிட்டுப் பின்னால் இருக்கிற பெரிய ஆளைப் பிடித்துவிடும். அப்போது தட்டான் புகை மாதிரி கலங்கி, அண்ணன் பளிச்சென்று விழுவான். ஒவ்வொரு ஞாயிறும் அப்படி ஐந்து பத்து விழும். எனக்கு அதெல்லாம் கெட்டுப்போன படம். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் பொறுக்கிப் பொறுக்கி அழிப்பேன். இரண்டு வருஷமாக வாராவாரம் அண்ணன் முகத்தை என் கையாலேயே அழித்திருக்கிறேன். மிச்சம் வைத்ததில் எல்லாம் அவன் வெறும் நீலம்.

மூன்றாம் நாளில் இருந்து தேடினேன். முதலில் அண்ணன் போன். அதன் பூட்டு எனக்குத் தெரியும், எங்கள் வீட்டு நம்பர்தான். உள்ளே முழுக்க கன்டெய்னர் நம்பர், கதவில் போட்ட சீல், தேய்ந்த டயர், கேட் பாஸ். வேலைக்காக அவர்கள் எல்லோரும் எடுத்து அனுப்புவது. அவன் ஒரு தடவைகூடத் தன்னைத் தானே எடுத்துக்கொள்ளவில்லை. வாட்ஸப்பில் அவன் முகம் இருக்கவேண்டிய வட்டத்தில் டிரெய்லரின் முகம் இருந்தது. டிரைவர்களிடம் கேட்டேன். ஒருத்தர் ஆயுத பூஜைப் படம் அனுப்பினார். அதில் அண்ணன் குனிந்து எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்குக் கீழே வைத்துக்கொண்டிருந்தான். முதுகு. மாமன் வீட்டில் காதுகுத்துப் படம் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. அதில் பந்தியில் உட்கார்ந்து அப்பளத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறான், பாதி முகத்தை அப்பளமே மறைத்துவிட்டது.

அம்மா தினமும் கேட்டாள். "ஆச்சா?" அவ்வளவுதான் கேட்பாள். நான் "பாத்துகினு கீறேம்மா" என்பேன். பட்டறைக்கும் போய்க்கொண்டிருந்தேன். லேத் முன்னால் நின்றால் இரும்பு சுருள் சுருளாக விழுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன், அளவு தப்பிவிடும். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

பதினாலாம் நாள் டோல்கேட் பக்கம் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனேன். தெற்கே நாசரேத் பக்கத்து ஆட்கள் நடத்துவது. ஒரு அக்காதான் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார். லைசென்ஸ் படத்தைக் கொடுத்தேன். நாளை மறுநாள் காரியம் என்று சொன்னேன்.

"இத வெச்சே வயச கூட்டித் தாரேன் தம்பி. தாடி வெச்சு, உடம்பு போட்டு. இப்பல்லாம் கம்ப்யூட்டரே செஞ்சிரும்."

செய்தது. ஐந்து நிமிஷத்தில் திரையில் ஒரு ஆள் வந்தான். நல்ல சிவப்பு. ஒட்ட வெட்டின தாடி. மூக்கு எடுப்பாக இருந்தது. விளம்பரத்தில் சிமென்ட் மூட்டை பக்கத்தில் நிற்கிற ஆள் மாதிரி இருந்தான். நான் திரையில் இருந்து கண்ணை எடுத்தேன்.

"இல்லியா?" என்றார் அக்கா.

"இல்லக்கா."

"வேற படமே இல்லியாப்பா? ஒரு மங்கலா இருந்தாக்கூடப் போதும். தெளிவாக்கிரலாம்."

எனக்கு என்ன தோன்றியதோ, எல்லாவற்றையும் அவரிடம் கொட்டிவிட்டேன். தட்டான், நீலச் சட்டை, கேமரா ஏமாறுவது, நான் அழித்தது. யாரிடமும் அதுவரை சொல்லவில்லை. கடையில் பாஸ்போர்ட் படத்துக்கு வந்த ஒரு ஆளும் கேட்டுக்கொண்டு நின்றார்.

"கடைசியா எப்ப அழிச்ச?"

"அவன் படுக்கறதுக்கு முந்தின ஞாயித்துக்கெளம. சாயங்காலம்."

அக்கா விரலை மடக்கி எண்ணினார். "குப்பைல பாத்தியா?"

"எந்தக் குப்ப?"

"அட ஏம்ப்பா! அழிச்சா உடனே போயிராதுல்லா. முப்பது நாளு போனுக்குள்ளயே ஒரு குப்பைத்தொட்டில கெடக்கும். அப்பொறந்தான் தானாப் போவும். உனக்குத் தெரியாதா?"

தெரியாது. எவ்வளவு அழித்தாலும் ஏன் இடம் காலியாக மாட்டேன் என்கிறது என்று மட்டும் யோசித்திருக்கிறேன். போனை அவரிடமே கொடுத்தேன்.

அவர் எங்கேயோ அமுக்கி எங்கேயோ போனார். சின்னச் சின்னக் கட்டமாக இருநூறு படத்துக்கு மேல் திறந்தது. ஒவ்வொன்றுக்கும் கீழே '3 நாட்கள்' என்று மிச்ச நாள் போட்டிருந்தது. அதற்கு முந்தின வாரங்களில் அழித்தது எதுவும் இல்லை. அந்த ஒரே ஒரு ஞாயிறு மட்டும்தான் மிச்சம்.

பெரும்பாலும் வெறும் கோரை, பறந்துபோன இறக்கை, தண்ணீர். ஏழு படத்தில் அண்ணன் இருந்தான். ஒன்றில் ரோட்டைப் பார்க்கிறான். ஒன்றில் கண் மூடியிருக்கிறது. மூன்றில் தாடையும் கழுத்தும் மட்டும். ஒன்றில் யாரையோ பார்த்து வாயைப் பிளந்து கத்துகிறான். ஏழாவதில் நேராக என்னைப் பார்க்கிறான். தாடி, வியர்வை, நெற்றியில் சாம்பல் தூசு, எல்லாம் தெளிவாக இருந்தது. கன்டெய்னர் கதவுக் கம்பி பட்டு அவனுடைய வலது புருவத்தில் விழுந்த வெட்டுகூடத் தெரிந்தது. இடது கண் மேல் மட்டும் பழுப்பாக ஒரு கறை. அதுதான் தட்டான்.

அந்தப் படம் எடுத்தது எனக்கு ஞாபகம் இருந்தது. "ஆச்சா?" என்று கேட்டான். "உன் மூஞ்சி வந்துச்சு. வேஸ்ட்டு" என்றேன். "எம் மூஞ்சி இன்னாடா வேஸ்ட்டு?" என்றான்.

ஸ்டுடியோவில் ஒரு ஸ்டூல் இருந்தது. உட்கார்ந்துவிட்டேன். பாஸ்போர்ட் படத்துக்கு வந்தவர் வெளியே போய் ஒரு டீ வாங்கி வந்து என் கையில் கொடுத்தார்.

அக்கா ஏழையும் மீட்டெடுத்துக் கொடுத்தார். அப்புறம், "இந்தப் பூச்சிய எடுத்துருதேன். அந்தக் கண்ணுக்குப் பதிலா இந்தக் கண்ணையே திருப்பி அங்க வெச்சிரலாம். யாருக்கும் தெரியாது" என்றார்.

"பூச்சி இருக்கட்டுங்க்கா."

"சாமி மாதிரி மாட்டப் போறிய, மூஞ்சில பூச்சி இருந்தா நல்லாவாப்பா இருக்கும்? எதுக்கும் அம்மாட்ட ஒரு வார்த்தை கேளு."

போன் போட்டேன். படம் கிடைத்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். பூச்சி விஷயத்தைச் சொன்னதும் கத்தினாள்.

"மூஞ்சில பூச்சியா? மொதல்ல அத்த எட்த்துரு! எம்புள்ள மூஞ்சில ஈ மொய்ச்சிகினு கீறா மாதிரி மாட்டுவியா நீ?"

செத்த அன்று அண்ணனைக் குளிப்பாட்ட வெளியே கிடத்தியபோது ஈ வந்தது. தண்ணீர் ஊற்றி முடிக்கிற வரைக்கும் அம்மா தலைமாட்டில் குந்தி முந்தானையால் விசிறிக்கொண்டே இருந்தாள். ஒன்றுகூட உட்கார விடவில்லை. நான் எப்படி அவளிடம் தட்டான் வேற, ஈ வேற என்று சொல்வது? "எடுத்துருங்க்கா" என்றேன்.

பதினாறாம் நாள் காலையில் படத்தை மாட்டினோம். அம்மா கிட்டே போய் கண்ணாடி மேல் உள்ளங்கையை வைத்தாள். "இவந்தான்" என்றாள். அப்புறம்தான் மாலை போட விட்டாள். வந்தவர்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள். "அப்டியே கீறான். இப்பக் கூப்ட்டா பேசுவான் போல" என்றார் ஒரு டிரைவர். எனக்கு அந்த இடது கண்ணைப் பார்க்கவே முடியவில்லை. சாப்பாடு பரிமாறினேன், இலை எடுத்தேன், நாற்காலி அடுக்கினேன். எப்போது எல்லோரும் போவார்கள் என்று இருந்தது.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு அம்மா படத்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தேன்.

"நைனா" என்று என்னைக் கூப்பிட்டாள். "தழும்பு ரெண்டு பக்கமும் கீதே."

நான் கண்ணைத் திறந்தேன். ஸ்டுடியோ அக்காவும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. கண்ணைத் திருப்பி வைத்தபோது புருவ வெட்டும் சேர்ந்து போயிருந்தது. வந்தவர்களில் ஒருத்தர் கண்ணிலும் படவில்லை.

"அது ஒரு பக்கக் கண்ணுதாம்மா. இன்னொண்ணு அதயே திருப்பிப் போட்டது. அங்க பூச்சி இருந்துச்சு இல்ல, அதனால."

திட்டுவாள் என்று நினைத்தேன். "பூச்சியோட கீறத காட்டு" என்றாள்.

போனைக் கொடுத்தேன். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டு விரலால் பெரிசாக்கினாள். அந்தப் பழுப்புக் கறை மேல் விரலை வைத்தாள்.

"இதா?"

"ம்."

"இதுக்காண்டியா அவன வெயில்ல குந்த வெச்ச?"

"ஆமாம்மா."

மற்ற ஆறையும் பார்த்தாள். கத்துகிற படத்தைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி வாயைக் கோணினாள், அது சிரிப்பாக வரவில்லை.

"மீதி எங்க?"

"மீதி போனு குப்பைத்தொட்டில கீது. நாளைக்குப் போயிடும்."

"அதயும் எடு."

"அதுல அவன் இல்லம்மா. இருந்தாலும் வெறும் சட்டைதான். கலங்கலா."

"அந்தச் சட்டைய வாராவாரம் அடிச்சித் தொவச்சவ நானு. எடு."

எனக்கு மொத்தமாக மீட்டெடுக்கத் தெரியவில்லை. அக்கா எங்கே அமுக்கினார் என்று ஞாபகம் வரவில்லை. அதனால் ஒவ்வொன்றாக எடுத்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். வெறும் கோரை வந்தபோது நான் தாண்டப் போனேன், அதையும் எடு என்றாள். இருநூறும் முடிவதற்குள் கட்டைவிரல் மரத்துப் போனது.